மேல் அடுக்குக்கு ஒரு கண்ணாடி

ராமகுப்பத்து மணியம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அவள் இரண்டு தடவை பட்டுப்புழு வளர்த்தாள். இரண்டு தடவையும் கூடு கட்டும் முன்பே பால் நோய் வந்து மொத்தமும் போயிற்று. நோய் கண்ட புழு வீங்கி, வெளுத்து மினுக்கும். அன்றைக்கே பொறுக்கி எறியாவிட்டால் பக்கத்துப் புழுக்களையும் கொண்டுபோய்விடும். பொறுக்குவது மணியம்மா, இலை வெட்டுவது புருஷன் துலுக்காணம். எனவே பழி இலைமேல் விழுந்தது. "ஈர இலைய போட்டுப் போட்டுக் கொன்னுட்ட" என்று மூன்று மாதம் அவனை வறுத்தெடுத்தாள். அவனும் பாவம், தன்னால்தான் போயிற்று என்று நம்பி, பனி காய்ந்த பிறகே வெட்டத் தொடங்கினான். மூன்றாவதும் போனால் புழு வளர்க்கும் மனையைப் பிரித்துவிட்டுத் தக்காளி வைத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தான். மணியம்மாவுக்கு அது உயிர் போகிற பேச்சு. கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள் தலை நிமிர அந்தப் புழுக்களைத்தான் நம்பியிருந்தாள்.

ஆனால் ஒன்று அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு முறையும் சாவு, புழுத் தட்டுகளை வைக்கும் மேல் அடுக்கில்தான் தொடங்கியது. எல்லா அடுக்குக்கும் போடுவது ஒரே இலைதானே?

மூன்றாவது தடவை வளர்க்கும்போது ஒருநாள் கீழ்த் தட்டில் ஒரு நோய்ப்புழுவைக் கண்டாள். உடனே பொறுக்கவில்லை. தட்டை அப்படியே தூக்கி, கண் மட்டத்தில் இருந்த மேல் அடுக்கில் வைத்துப் பார்த்தாள். அந்தப் புழுவைக் காணோம். எல்லாம் ஒரே வெள்ளையாக நெளிந்தன. முக்காலியில் ஏறிக் குனிந்து பார்த்தாள். சனியன், அங்கேயேதான் கிடந்தது.

இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருப்பதிக்குச் சாமி பார்க்கப் போன இடத்தில் வாங்கியது. கடையில் தூரமா கிட்டயா என்று கேட்டதற்கு, "ரெண்டும் குடு" என்றிருந்தாள் மகராசி. கிட்டத்துப் பவர் கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு சின்ன வளைவுக்குள் இருந்தது. நேராகப் பார்த்தால் தூரம்தான் தெரியும். அது கண்ணாடி இல்லாமலே அவளுக்குத் தெரியும். மேல் தட்டை இத்தனை நாளும் அவள் நேராகத்தான் பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை ஒரு கயிற்றை மூக்கிலிருந்து மேல் தட்டுவரை பிடித்து முடிச்சுப் போட்டாள். அதை எடுத்துக்கொண்டு குப்பம் டவுனில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கங்கையா, "படிக்கறதுக்கா அம்மா?" என்றார்.

"நான் இன்னா சார் படிக்கப் போறேன்? இந்தக் கயித்து நீளத்துல இருக்கறது தெரியணும். நேரா பாத்தாலும் தெரியணும், குனிஞ்சு பாத்தாலும் தெரியணும்."

கங்கையா கயிற்றை அளந்தார். இரண்டடிக்கு ஒரு விரல் குறைச்சல். "இப்டி அளந்துக்கினு வந்தவங்கள நான் பாத்ததே இல்ல" என்று சிரித்தார். "முழுசும் ஒரே பவர்ல போட்டுத் தரேன். புழு மனைல மட்டும் போடு. ரோட்ல போட்டா எதிர்ல வர்றது மங்கலாத்தான் தெரியும்."

புதுக் கண்ணாடி வந்த அன்று மேல் அடுக்கில் ஒன்பது நோய்ப்புழுக்கள் பளிச்சென்று தெரிந்தன. பொறுக்கிச் சுண்ணாம்பில் போட்டாள். இந்தத் தடவை பிழைத்துவிடும் என்று மனசு சொன்னது. ஆனால் சந்தோஷத்தை முந்திக்கொண்டு வெட்கம் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து இலைக்கட்டோடு துலுக்காணம் வாசலுக்கு வந்தான்.

"யோவ், உன் இலை நல்ல இலைதான்யா. எனக்குத்தான் மேல் தட்டு தெரியல. ரெண்டு தபாவும் கொன்னது நான்தான்."

வாசலில் நின்ற அவன் அந்தக் கண்ணாடிக்குள் மங்கலாகத்தான் தெரிந்தான். நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவனைச் சரியாகப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்றினாள். அப்போதுதான் அவன் முகம் தெரிந்தது. இலைக்கட்டை இறக்காமலே நின்று அழுதுகொண்டிருந்தான்.