ஆறாவது நாற்காலியின் துண்டு

சாம்பல் நிறக் காலுறை ஒன்றின் நுனியில், ஐம்பது காசு அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக எட்டிப் பார்த்த என் கால் கட்டைவிரல். விஷயம் இவ்வளவுதான். ஆனால் என் பணிக்காலம் முழுவதையும் அந்த ஓட்டை விழுங்கிவிட்டது.

எங்கள் அரசாங்க அலுவலகத்தில் இயக்குநரின் அறைக்குப் புதுக் கம்பளம் விரித்திருந்த வாரம் அது. வெளியே நல்ல மழை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் காலணிகளை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்றார். அவரும் தமிழர்தான், என்னைப் போலக் கத்தோலிக்கர்தான். கழற்றினேன். அவர் பார்வை கீழே போனது. "என்ன மிஸ்டர், ஒங்க கட்டைவிரலும் மீட்டிங்குக்கு வந்திருக்கு போல? மினிட்ஸ்ல பிரசன்ட்னு எழுதிக்கலாமா?" எல்லாருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார், எனக்கு உறைக்கும்படி தமிழில் ஒருமுறை. அறையே குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து நான் கால்விரல். அதாவது ஆங்கிலத்தில், மரியாதையோடு, 'மிஸ்டர் டோ'. அலுவலக உணவகத்தில் பானம் கலக்கும் சீன ஆண்ட்டிகூட, "மிஸ்டர் டோ, கோப்பி-ஓ ஆ?" என்றுதான் என் பாலில்லாக் காப்பியைப் பற்றிக் கேட்பார். ஓய்வு பெற்ற நாளில் தந்த வாழ்த்தட்டையில் ஒரு பாதம் வரைந்திருந்தார்கள். அன்பாகத்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசி இரவுணவில், தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிற சீடனின் பாதத்தையும் ஆண்டவர் கழுவினார் என்று ஒவ்வொரு பெரிய வியாழனன்றும் பூசையில் கேட்டிருக்கிறேன். அரசாங்க வேலை பார்த்தவன் என்ற முறையில், அதை ஒரு நடைமுறைக் கோளாறு என்றே கருதிவந்தேன். அந்த ஆளை முதலில் வெளியே அனுப்பிவிட்டல்லவா தண்ணீர் மொண்டிருக்க வேண்டும்?

ஓய்வுக்குப் பிறகு, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆலயத்தில் சடங்குகளின் ஒழுங்கு என் பொறுப்பாயிற்று. எந்த மெழுகுவர்த்தியை எப்போது ஏற்றுவது, எந்த மணியை எப்போது அடிக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஊரிலிருந்து புதிதாக வந்த இளம் பங்குத்தந்தை எதற்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார். இந்த நிலையில்தான், மனைவியை இழந்த இயக்குநர் பொங்கோல் வட்டாரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிவந்து, எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரத் தொடங்கினார்.

பெரிய வியாழனன்று பங்குத்தந்தை பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். அவரை நான்தான் அழைத்தேன். முன்வரிசையில் நாற்காலி என்றால் மறுக்கத் தெரியாதவர் அவர். ஆறாவது நாற்காலியைக் கொடுத்தேன். நடுவில், விளக்குக்கு நேர் கீழே. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவர் காலணியைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. நியாயமான ஆசை.

அன்று மாலை இடது காலணியைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து, "வலது கால், ஐயா. முறை அதுதான்" என்றேன். என் வாயிலிருந்து வந்த எந்த வாக்கியமும் அவ்வளவு இனித்ததில்லை.

அவர் இடது காலையே முன்னால் நீட்டினார். "இடது போதாதா, மிஸ்டர்..." என்று நிறுத்தினார். அடுத்து வரவேண்டிய சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

"போதாது."

குனிந்தவருக்குக் காலணி முடிச்சு அவிழவில்லை. உதவியாளன் நான், மண்டியிட்டு நானே கழற்றினேன். காலுறை புதியது, ஓட்டை இல்லை. நுனி மட்டும் வெற்றாகத் துவண்டு மடிந்தது. சர்க்கரை நோய் கட்டைவிரலைக் கொண்டுபோயிருந்தது.

வாக்கியம் தானாக வந்து என் நாக்கில் உட்கார்ந்தது. 'என்னங்க ஐயா, ஒங்க கட்டைவிரல் மீட்டிங்குக்கு வரலையா? ஆப்சென்ட்னு எழுதிக்கலாமா?' ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. ஆயுள் முழுக்கத் தேடியிருந்தாலும் இப்படி ஒரு பதில் அமையாது.

"பேரப்புள்ளைங்க முன்னாடி உக்காந்திருக்காங்கய்யா," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இதை அதுங்க பாத்ததில்ல."

பக்கத்து நாற்காலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் ஆண்டவரின் அந்தக் கடைசி இரவைப் பற்றி ஒன்று எனக்கு உறைத்தது. காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலையும் அவர் மற்றக் கால்களைப் போலவே கழுவியிருக்கிறார். தாண்டிப் போகவில்லை, அழுத்தித் தேய்க்கவும் இல்லை. அது எப்படிப்பட்டவனின் கால் என்று அவர் கையைப் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தனக்கு வரப்போவது தெரிந்திருந்தும் மற்றவர் கண்ணிலிருந்து அவனை மறைத்து வைத்திருக்கிறார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் தோளில் இருந்த துண்டை எடுத்து அந்தப் பாதத்தின் மேல் போர்த்தி, அதன் அடியிலேயே காலுறையை உருவினேன்.

"என்ன அங்கிள், துண்டு?" என்றார் பங்குத்தந்தை.

"முறை அப்படித்தான், ஃபாதர்."

என் வாழ்க்கையில் நானாக உண்டாக்கிய ஒரே விதிமுறை அது. அவர் நம்பினார், துண்டின் மேலேயே தண்ணீர் ஊற்றினார். விதி என்று சொன்ன பிறகு மற்றவர்களை விட்டுவிட முடியுமா? அடுத்த நாற்காலியில் இருந்த கப்பல் பட்டறைத் தொழிலாளி காலை இழுத்துக்கொண்டார். "எனக்கு எதுக்குண்ணே மூடுறீங்க? என் காலு நல்லாத்தானே இருக்கு?"

"பேசாம நீட்டுங்க தம்பி."

பூசை முடிந்து வாசலில் இயக்குநர் தன் மகளிடம் என்னை அறிமுகப்படுத்தினார். என் முழுப் பெயரையும், தந்தை பெயரோடு, பிழையில்லாமல் சொன்னார். அப்படியென்றால் இத்தனை காலமும் அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவமானத்தைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். இதை மறக்க மாட்டேன்.

அவர் இப்போது இறந்துவிட்டார். பளபளக்கும் காலணியோடுதான் பெட்டியில் கிடந்தார். எங்கள் ஆலயத்தில் மட்டும் இன்றும் பன்னிரண்டு பாதங்களையும் துண்டால் மூடித்தான் கழுவுகிறோம். மற்ற ஆலயங்களிலிருந்து வருகிறவர்கள் காரணம் கேட்டால், பங்குத்தந்தை என்னைக் கைகாட்டுகிறார். "முறை," என்கிறேன்.

ஒவ்வொரு பெரிய வியாழனன்றும் எல்லாரும் போன பிறகு, ஈரத் தரையில் நடக்கக் காலணியைக் கழற்றுகிறேன். முதலில் காலுறையின் நுனியைப் பார்த்துக்கொள்கிறேன். ஓட்டை இல்லை. சொல்லாத அந்த வாக்கியம் இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. ஆறாவது நாற்காலியின் துண்டை எடுத்துப் பிழிகிறேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமான பலத்தோடு.