லத்தீன் வெள்ளையும் வடமதுரை வேட்புமனுவும்

மனுத் தாக்கலுக்குப் போகிறவர்கள் படும் பாடு பெரிய பாடு. 2001 உள்ளாட்சித் தேர்தலில் என் தங்கை வீட்டுக்காரர் சேவியர் ஊராட்சித் தலைவருக்கு நின்றார். கடைசி நாள், மூன்று மணிக்கு முடிந்துவிடும். விவரமான ஆள் துணைக்கு வேண்டாமா? நானே கிளம்பினேன்.

ஒரு விஷயம் அவரிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: வெள்ளைச் சட்டைதான். டச்சு மொழியில் வேட்பாளர் 'கண்டிடாட்'. லத்தீனில் 'கண்டிடுஸ்' என்றால் பளீர் வெள்ளை. ரோமாபுரியில் ஓட்டுக் கேட்கிறவன் துணியில் சுண்ணக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு புறப்படுவானாம். நான் கொடைரோட்டு லாட்ஜில் மேனேஜராக இருந்தபோது தங்கிய ஹாலந்துக்காரர் சொன்னது. நாலே நாளில் எனக்கு டச்சு முக்கால்வாசி வந்துவிட்டது, மனிதர் அசந்துபோனார்.

திண்டுக்கல்லில் 10.10க்கு பஸ். அய்யலூர் 27 கிலோமீட்டர், எட்டு ரூபாய். அங்கே சேவியர் கஞ்சி போட்ட சட்டையோடு நின்றார். அன்று ஆட்டுச்சந்தை. வடமதுரைக்குத் திரும்ப டவுன் பஸ் கிடைத்தபோது 12.15. மனிதருக்குச் சமமாக ஆடுகள். பக்கத்து சீட்டு அம்மாள் மடியிலிருந்த ஆட்டுக்குட்டி, சேவியர் நெஞ்சிலேயே மூத்திரம் பெய்துவிட்டது. அந்தம்மா, "பச்சப்புள்ள மாதிரிங்கய்யா, கோவிக்காதீக" என்றதோடு சரி.

12.50க்கு வடமதுரை. நேராக ஒன்றிய அலுவலகம் போகலாம் என்றார் சேவியர். கறையோடு போனால் கண்டிடாட் ஆக முடியுமா? அடிபம்பில் அலசினேன். நாலு கடை ஏறி இறங்கி ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி, ஈரத்தின் மேல் தேய்த்தேன். இந்த ஊர் சாக்பீஸ் தரம் அப்படி: தோசை மாவாகிவிட்டது. மணி 2.35.

"மச்சான், ரோமாபுரிக்காரன் ஒருத்தனும் எனக்கு ஓட்டுப் போடப் போறதில்ல. ஒங்க சட்டையக் கழட்டுங்க" என்றார்.

என் பச்சைக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அவர் ஓட, வெள்ளை பனியனும் வேட்டியுமாக நான் பின்னால் ஓடினேன். உள்ளே அதிகாரி அவரைத் தாண்டி என்னிடம் பேனாவை நீட்டி, தலைவருக்கு நிற்பது நீங்கள்தானே என்றார். லத்தீன் தெரிந்தவர்போல. விளக்க ஆரம்பித்தேன்.

"அப்பு, மணி ரெண்டு அம்பத்தாறு. செத்த நேரம் சும்மா இருங்க" என்றார் அதிகாரி.

சேவியர் 2.58க்குக் கையெழுத்துப் போட்டார். மனு ஏற்கப்பட்டது. முழுக்க என் முயற்சி.

இனிப் போகிறவர்களுக்கு: சந்தை நாளைத் தவிருங்கள். மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள். இதைப் படித்துக் காட்டியபோது, "மச்சானக் கூட்டிட்டுப் போகாதீகன்னும் எழுதுங்க" என்றார் சேவியர். எழுதிவிட்டேன்.