தக்காளிக்குப் பாடிய அக்கா

ஒரு தக்காளிப் பூவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு அக்கா நின்ற காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தப் பூவைக் கவ்விக்கொண்டு ஒரு வண்டுத்தேனீ தலைகீழாகத் தொங்கியது. உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய தேனீ அது. மகரந்தச் சேர்க்கைக்காக எங்கள் கண்ணாடிக்கூடத்துக்கு அட்டைப் பெட்டிகளில் வாங்கி வருவார்கள். "பறக்கேக்க ஒரு சுருதி, பூவில இருக்கேக்க இன்னொரு சுருதி. கேட்டுப் பார் பிள்ளை, இப்ப கூட்டுது" என்றார். நானும் குனிந்து கேட்டேன். வரும்போது தடித்திருந்த ரீங்காரம் பூவைப் பிடித்ததும் மெலிந்து உயர்ந்தது. தக்காளிப் பூவுக்குள் மகரந்தம் உப்புப் போத்தலில் உப்புப்போல அடைபட்டிருக்கிறது, அதிர்ந்தால்தான் உதிரும் என்பதை ஊரில் விவசாய டிப்ளோமா படிக்கும்போது எழுதிப் பரீட்சையும் எடுத்திருந்தேன். ஆனால் தேனீ அதற்காகச் சுருதியை மாற்றுகிறது என்பதை அன்றுதான் காதால் கேட்டேன்.

அக்கா என்றது மரியாதைக்குத்தான், உறவு ஒன்றும் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது கூடியவர். நான் கலியாணம் செய்து ஜெர்மனியின் டுசல்டோர்ஃபுக்கு வந்த இரண்டாம் வருடம் அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வயல்வெளிக்கு நடுவே கண்ணாடியால் கட்டிய பெரிய கூடம்; உள்ளே குளிர்காலத்திலும் தக்காளி. கூரைக் கம்பியிலிருந்து தொங்கும் கயிறுகளில் செடிகள் ஏறும். ஆளுக்குச் சில வரிசைகள். சூடாக்கும் குழாய்களின் மேல் உருளும் தள்ளுவண்டியில் நின்று, பக்கக் குருத்தைக் கிள்ளி, கீழிலையை வெட்டி, தண்டைக் கயிற்றோடு சுற்றிவிட்டு அடுத்த செடிக்குப் போகவேண்டும். அக்காவுக்குப் பதினான்காம் வரிசை, எனக்குப் பதின்மூன்றாவது. நடுவே இலைச்சுவர். அவர் முகத்தைப் பார்த்த நேரத்தைவிடக் குரலைக் கேட்ட நேரம்தான் அதிகம்.

அவர் பாடுவார். ஊரில் சங்கீதம் முறையாகப் படித்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று பிறர் சொல்லிக் கேட்டிருந்தேன். கூடத்தில் விசிறிகளும் தண்ணீர்ப் பம்புகளும் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள் அவர் பாடுவது யாருக்கும் கேட்காது என்று அவர் நினைத்திருந்தார். பாட்டென்றால் முழுப் பாட்டும் இல்லை. ஒரு வரியை எடுத்து அதையே பல விதமாகப் பாடிப் பார்ப்பார். மேலே போகும் இடம் வந்தால் நிறுத்திவிட்டுக் கீழிருந்து மறுபடி தொடங்குவார். நான் அதை ஒரு பாணி என்று எண்ணியிருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் பதினான்காம் வரிசை மற்ற எல்லா வரிசைகளையும்விடக் காய்த்தது. குலைகளில் காய் பிடிக்காமல் பூ உதிர்ந்த இடைவெளி இல்லாமல் காய்கள் நெருக்கமாக இருந்தன. எங்கள் மேற்பார்வையாளரை எல்லோரும் மைஸ்டர் என்று அழைப்போம். தோட்டத் தொழிலை முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அங்கே அதுதான் பெயர். அவர் இரண்டு தடவை வந்து அந்த வரிசையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். சாப்பாட்டு இடைவேளையில் நான் அக்காவிடம் கேட்டேன். அவர் ரொட்டியை மடித்தபடி, மறைக்க ஏதுமில்லாதவர்போலச் சொன்னார். "நான் பாடுறன். அதுகள் வளருது. வேறென்ன."

"பாட்டுக்குச் செடி காய்க்காது அக்கா."

"நீ படிச்சனி. உனக்கு நம்பேலாது. ஆனா அதுகளுக்குக் கேக்குது."

என்னுடைய விவசாய டிப்ளோமா இந்த நாட்டில் செல்லாது, வேண்டுமானால் முதலில் இருந்து தொழிற்பயிற்சி படிக்கலாம் என்று கடிதம் வந்திருந்த காலம் அது. எத்தனை அன்ட்ராக், எத்தனை விண்ணப்பம் எழுதியிருப்பேன். நான்கு வருடப் படிப்பு ஒரு கடித உறைக்குள் முடிந்துபோயிருந்தது. குருத்துக் கிள்ளுகிறவளாக மட்டும் என்னைப் பார்க்கும் மைஸ்டருக்கு, எனக்கும் செடியைப் பற்றித் தெரியும் என்று காட்டவேண்டும்போல் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தது விளங்காது. அக்காவின் பேச்சைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அறிவியல் ஆர்வம் பாதிக் காரணம்தான்.

வரிசையை மாற்றிக்கொள்வோம் என்றேன். அக்கா உடனே சம்மதித்தார். நான் பதினான்கில் வாய் திறக்காமல் வேலை செய்தேன். அவர் பதின்மூன்றில் பாடினார். சில வாரங்களில் புதிதாக வந்த குலைகளை எண்ணினேன். பதின்மூன்று நிறைந்திருந்தது, பதினான்கில் இடைவெளி விழுந்திருந்தது. அக்கா சிரித்தார். எனக்கு அன்று பஸ்ஸில் வீடு போகும்வரை வேறு நினைவில்லை. காரணம் நிலமும் இல்லை, தண்ணீரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆள் மாறியதோடு காயும் மாறியிருக்கிறது.

பிறகு அவர் கையைக் கவனித்தேன். இலைகளை விலக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு செடியின் வேலை முடிந்த பின்னும் பாட்டு நடுவில் இருந்தால், அந்த வரி முடியும்வரை அவர் நகரமாட்டார். வலக்கையால் செடி தொங்கும் கயிற்றில் தாளம் போடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் கயிறு அதிர்ந்து, தண்டு அதிர்ந்து, பூங்கொத்து நடுங்கியது. நான் அணிந்திருந்த கறுப்புச் சட்டைக் கையை ஒரு பூவுக்குக் கீழே பிடித்துக் கயிற்றைத் தட்டினேன். மெல்லிய மஞ்சள் தூள் விழுந்தது. மறுநாள் வீட்டிலிருந்து மின்சாரப் பல்துலக்கியைக் கொண்டுவந்து பூக்காம்பில் வைத்தேன். இன்னும் அதிகமாக விழுந்தது. மூட்டமான குளிர்கால நாட்களில் வண்டுத்தேனீக்கள் பெட்டியை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. அவை செய்யாத வேலையை அக்காவின் தாளம் செய்திருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் இன்னொரு சோதனை கேட்டேன். வரிசையின் முன்பாதியில் கயிற்றைத் தொடாமல் பாடவேண்டும். பின்பாதியில் பாடாமல் தட்டவேண்டும். "கையைக் கட்டிக்கொண்டு பாடச் சொல்லுறாய். சரி, அதையும் பாப்பம்" என்றார். தான் வெல்வேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. முன்பாதியில் தாளம் போடக் கை எழும்போதெல்லாம் அதை ஏப்ரன் பைக்குள் செருகிக்கொள்வார். பல வாரங்கள் ஒரு நாளும் தவறாமல் அப்படிச் செய்தார். பாடிய பாதி மற்றவர்களின் வரிசைகளைப்போலவே இருந்தது. தட்டிய பாதியில் குலைகள் நிறைந்திருந்தன.

இடைவேளை அறையில் காகிதத்தில் எழுதிய எண்ணிக்கையை அவர் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப என்ர குரலால ஒண்டும் நடக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. உங்கட கைதான்."

அவர் காகிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு கழுத்துக்குட்டையைச் சற்று இறக்கிக் காட்டினார். தொண்டைக்குக் குறுக்கே பழைய தழும்பு ஒன்று இருந்தது. தைரொயிட் கட்டிக்கு இங்கே வந்த புதிதில் செய்த சத்திரசிகிச்சை. குரலுக்குப் போகும் நரம்பு பழுதாகலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கித்தான் செய்தார்களாம். ஆறு மாதத்தில் குரல் திரும்பியது, மேல் ஸ்தாயி திரும்பவில்லை. அது தெரியாமல் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு மண்டபத்தில் பாட ஏறியிருக்கிறார். மேலே போன இடத்தில் குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. "சனம் கை தட்டினது பிள்ளை. பாவம் எண்டு தட்டினது. அதுக்குப் பிறகு மனிசருக்கு முன்னால வாய் திறந்ததில்லை. செடிக்கு நான் எந்த இடத்தில நிப்பாட்டினன் எண்டு தெரியாது. காய் வந்ததைப் பாத்து, இன்னும் என்னட்ட ஏதோ கிடக்கு எண்டு நினைச்சன்."

தேனீயும் சுருதியால்தானே மகரந்தத்தை உதிர்க்கிறது, ஒலியும் அதிர்வுதானே என்று ஏதோ தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "நீ எண்ணினது சரி. சரியை மாத்திச் சொல்லாத."

அன்று பின்நேரமே மைஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் தேனீப் பெட்டிகள் இல்லை, தடியால் தட்டித்தான் காய் பிடிக்க வைத்தோம், பெட்டி வந்த பிறகு அதை மறந்தே போனோம் என்றார். மூட்டமான நாட்களில் எல்லா வரிசைகளிலும் கயிற்றைத் தட்டும் வேலையை என் பொறுப்பில் விட்டார். அடுத்த வருடம் தொழிற்பயிற்சிக்கு அவரே எனக்காகக் கடிதம் எழுதினார். இன்று நான் இருக்கும் இடம் அங்கிருந்துதான் தொடங்கியது. அக்கா பதினான்காம் வரிசைக்குத் திரும்பிப் போய், சொன்னபடி கயிறுகளைத் தட்டினார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னோடு கோபமும் இல்லை. ரொட்டியில் பாதியை வழக்கம்போலப் பிய்த்துத் தந்தார். பாட்டு மட்டும் நின்றுபோயிற்று. இலைச்சுவருக்கு அந்தப் பக்கம் கயிறு அதிரும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வது கடினமாக இருந்தது.

மூன்று நான்கு வாரம் போயிருக்கும். பதினாறாம் வரிசையில் போலந்துக்காரப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். எங்களோடு அதிகம் பேசாதவள். உடை மாற்றும் அறையில் என்னை நிறுத்தி, உன் அக்காவுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன். பாடுவதில்லையே, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்றாள். உனக்குக் கேட்குமா என்று கேட்டேன். எங்கள் பக்கம் எல்லோருக்கும் கேட்கும் என்றாள். காலையில் அவர் ஒரு பாட்டையே பாடிக்கொண்டு நிற்பார், அதே பாட்டுக்கு மத்தியானத்துக்குப் பிறகு திரும்பி வருவார், அப்போது இன்னும் இரண்டு மணி நேரம்தான் வேலை என்று எனக்குத் தெரியும், இப்போது நாள் முடிவதேயில்லை என்றாள். மேலே போகாமல் நிறுத்தியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

இதை அக்காவிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏற்கெனவே ஒரு உண்மையைச் சொல்லி அவர் பாட்டை நிறுத்தியவள் நான். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"அவையளுக்குக் கேட்டதோ? எல்லாமோ?"

"எல்லாந்தான் அக்கா. விசிறிச் சத்தம் உங்களுக்குப் பக்கத்திலதான் கூட. அங்கால பக்கம் தெளிவாக் கேக்குமாம்."

"தெரிஞ்சிருந்தா பாடியிருக்க மாட்டன்" என்றார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், இறங்கும் இடம்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அவள் எந்தப் பாட்டைச் சொன்னவள்?" என்று கேட்டார். அவள் எனக்கு முனகிக் காட்டியிருந்த மெட்டை எனக்குத் தெரிந்த அளவில் முணுமுணுத்துக் காட்டினேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கூடம் இன்றும் இருக்கிறது. மைஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய வேலையில் இப்போது நான் இருக்கிறேன். புதிய விளக்குகள் வந்த பிறகு குளிர்காலத்திலும் தேனீக்கள் முன்பைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஆனாலும் மூட்டம் நீடித்தால் கயிற்றைத் தட்டச் சொல்கிறேன். செடிக்குப் பாட்டுக் கேட்குமா என்று புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்பார்கள், எங்கேயோ வீடியோவில் பார்த்திருப்பார்கள். அதிர்வு கேட்கும், பாட்டைப் பற்றி நான் எண்ணிப் பார்த்த அளவில் ஒன்றுமில்லை என்று சொல்வேன். அக்கா ஓய்வு பெற்று மகளோடு போய்விட்டார். போகும்வரைக்கும் பதினான்காம் வரிசையில்தான் நின்றார்.

அன்று அக்கா மெட்டைக் கேட்டுவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை; இது அதற்கு அடுத்த திங்கட்கிழமை நடந்தது. வெளியே பனி மூட்டம், உள்ளே விளக்குகள் எரிந்தன. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையின் நடுவுக்கு வந்திருந்தேன். அந்தப் பக்கம் கயிறு தட்டும் சத்தம் நின்றது. பிறகு அக்கா பாடத் தொடங்கினார், முன்பைவிடச் சற்று உரக்க. அதே பாட்டு. வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. இந்த முறை நிறுத்தாமல் மேலே போனார். குரல் உடைந்து இரண்டு சொல் வெறும் காற்றாக வந்தது. அப்படியே கீழிறங்கி அந்த வரியை முடித்தார்.

பிறகு இலைகளுக்கு அப்பாலிருந்து, "பிள்ளை, கேட்டதோ?" என்றார்.

"கேட்டது அக்கா" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு?"

நான் ஜெர்மனில் பதினாறாம் வரிசையை நோக்கிச் சத்தமாகக் கேட்டேன். தொடரச் சொல் என்று பதில் வந்தது. நான் அதைத் தமிழில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதற்குள் அவர் அடுத்த வரியை எடுத்துவிட்டார்.