சிவப்பு ஸீட்டில் இரண்டு சடை

பம்பாய் மாட்டுங்காவில் கரீம் பாட்சாவின் கராஜில் கார் ஸீட்டைத் தொடுகிற உரிமை வெயிலுமுத்து ஒருவருக்குத்தான். வேறு யாராவது கை வைத்தால் கையை ஒடித்துவிடுவார் போல முறைப்பார். தாராவித் தோல் கிடங்கில் பத்து வருஷம் கிடந்துவிட்டு வந்த மனுஷர். ரெக்சின் ஸீட்டென்றால் அவருக்கு இளக்காரம். சோப்புத் தண்ணீர் விட்டு அலசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். தோல் ஸீட்டு வந்துவிட்டால்தான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்து, ஈரத்தை ஒற்றி, நிழலில் காயவைத்து, விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் உருக்கிய கலவையை விரலால் தேய்ப்பார். "தோலு குடிச்சது லேசுல வெளிய வராதுய்யா" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மெக்கானிக்குகளுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவருக்கும் பேராச்சிக்கும் ஒரே மகள், பூமாரி. 1964 மழைக்காலத்தில், எட்டு வயதில், சயான் பக்கம் ரோட்டில் கார் மோதிச் செத்துப்போனாள். யாரோ ஒருவன் அவளைக் காரில் தூக்கிவந்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டான். பெற்றவர்கள் விடிய விடியத் தேடி அலைந்து, மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். வரும்போதே பேச்சில்லை, ஆனால் ராத்திரி ஒன்பது மணி வரை உயிர் இருந்தது என்றாள் நர்ஸ். பேராச்சி அழுது ஓய்ந்தபின் கேட்டது ஒன்றே ஒன்று.

"என் பிள்ள கடைசியா என்ன சொல்லிச்சோ? கார்ல கொண்டாந்தானே, அவன் ஒருத்தனுக்குத்தான தெரியும்."

இரண்டு வருஷமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். வெயிலுமுத்துவும் அவனைத்தான் தேடினார். கண்டால் அடித்துக் கொல்வாரா, காலைப் பிடித்துக் கேட்பாரா என்பது அவருக்கே தெரியாது.

1966 ஆகஸ்டில் செம்பூர் சேட் ஒருவரின் பழைய இங்கிலீஷ் கார் கராஜுக்கு வந்தது. சேட் படுத்த படுக்கையாகிவிட, மாசக்கணக்கில் ஷெட்டில் பூட்டிக் கிடந்த கார். விற்பதற்குமுன் உள்ளே சுத்தம் செய்ய வேண்டுமென்று டிரைவர் மிக்கேல்ராஜ் விட்டுவிட்டுப் போனான். கதவைத் திறந்தால் சிவப்புத் தோல் ஸீட்டு முழுக்க வெள்ளைப் பூசணம். பம்பாய் மழையில் இது நடப்பதுதான். ஆனால் பின் ஸீட்டுச் சாய்மானத்தில், இடது கதவை ஒட்டி, ஓர் இடத்தைப் பூசணம் தொடவில்லை. தேங்காய் அளவுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து விரல் தடிமனில் இரண்டு கோடுகள் கீழே இறங்கின.

யாரோ துடைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவர் முழு ஸீட்டையும் துடைத்து, காயவைத்து, எண்ணெய் போட்டார். காரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். காலையில் வந்து பார்த்தால் திரும்பவும் வெள்ளை. அதே வட்டம், அதே இரண்டு கோடு. அன்றைக்கு வினிகர் போட்டுத் துடைத்தார். மூன்றாம் நாளும் அப்படியே. "அண்ணே, யாரோ ராத்திரி வந்து உக்காந்துட்டுப் போறாங்க" என்று ஒரு மெக்கானிக் கேலி பேசினான். வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் காருக்குள் ஏறி, அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வட்டம் அவர் தோள் உயரம்கூட இல்லை. சின்னப் பிள்ளை சாய்ந்து உட்கார்ந்தால் தலை அங்கேதான் வரும். குனிந்து மோந்து பார்த்தார்.

வேப்பெண்ணெய். அது ஊறின இடத்தில் பூசணம் வராது. தொழில்காரருக்கு அது தெரியும். செம்பூர் பங்களாவில் எந்தப் பிள்ளை தலைக்கு வேப்பெண்ணெய் வைக்கிறது? பேராச்சிதான் பேனுக்குப் பயந்து, ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லியனுப்பி வாங்கி, வெள்ளிக்கிழமை தவறாமல் மகள் தலையில் வழிய வழியத் தேய்த்து, இரண்டு சடையாக இறுக்கிப் பின்னுவாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பூமாரி தினமும் அழுவாள். வெயிலுமுத்துவின் இடது கை அவருக்குத் தெரியாமலே பக்கத்து மெத்தைமேல் போய், எதையோ பிடித்திருப்பதுபோல மூடிக்கொண்டிருந்தது. அந்தக் கையைத் திறக்க அவருக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் மிக்கேல்ராஜ் வந்தான். அவர் பின்கதவைத் திறந்து காட்டினார்.

"இதுல எந்தப் பிள்ள தம்பி உக்காந்துது?"

அவன் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். கார்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யாருட்டயும் சொல்லிராதிய அண்ணாச்சி. ரெண்டு வருஷமா எனக்கு ஒறக்கமே இல்ல. மழையில குறுக்க ஓடி வந்துட்டு. பிரேக் பிடிக்கல. நாந்தான் தூக்கிப் பின்னால உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்."

"பேசிச்சா?"

"பேசிட்டேதான் வந்துது. நம்ம ஊருப் பேச்சு. அழக்கூட இல்ல. மெத்தயத் தடவித் தடவிப் பாத்து, 'தோலு ஸீட்டுல ரத்தம் ஆயிட்டே மாமா, எங்க அப்பா பாத்தா ஏசுவாவளே'ன்னு அதையே சொல்லிச்சு. வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்னுட்டு."

வெயிலுமுத்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பொறவு?"

"சேட்டுக்குத் தெரிஞ்சா வேல போயிரும், போலீஸ் வரும். அந்தப் பயத்துல உக்கார்ற மெத்தய மட்டும் கழட்டி, டாக்சில வச்சு இங்கதான் கொண்டாந்தேன். நீங்கதான் கழுவித் தந்திய. குனிஞ்ச தல நிமிரல நீங்க. வீட்டு நாய் அடிபட்டுட்டுன்னு சொன்னேன்."

அந்தச் சாயங்காலம் முழுசாக அவர் கண்முன் வந்து நின்றது. ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை பிடித்துக்கொள்ளும் என்று பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை துடைத்தார். இரண்டு மணி நேர வேலை. கறை போன இடம் தெரியவில்லை என்று கரீம் பாட்சா முதுகில் தட்டிக்கொடுத்தார். மணி எட்டு அப்போது. ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம். துடைத்துக்கொண்டே அவர் இவனிடம் ஒன்று கேட்டிருந்தார், அதற்கு இவன் பதிலும் சொல்லியிருந்தான்.

"நாய்க்கு உசிரு இருக்கான்னு கேட்டேனே தம்பி."

"ஆமா அண்ணாச்சி. இருக்குன்னு சொன்னேன்."

"அது என் மக."

மிக்கேல்ராஜ் காலில் விழுந்தான். வெயிலுமுத்து அவனை அடிக்கவுமில்லை, தூக்கவுமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் தாராவிக்கு நடந்தார்.

பேராச்சி அடுப்படியிலிருந்து நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவனக் கண்டுட்டியளா? என்ன சொல்லிச்சாம் என் பிள்ள?"

"உன்னியத்தான் கேட்டாளாம்" என்றார் வெயிலுமுத்து.