அண்ணனுக்கு அடுத்து நான்

இரண்டாயிரமாவது வருடத் தொடக்கத்தில் அண்ணனுக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் இருபது வருடம் இறங்கி நின்றவர். நான் தினமும் பஸ்ஸில் போய்வரும் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டைப்பிஸ்ட். அங்கே ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். சளி பிடிக்க வைக்கும் வைரஸை மாற்றி அமைத்து, புற்றுநோய்ச் செல்லை மட்டும் உடைக்கும்படி செய்கிறார்களாம். வெளிநாட்டில் சோதனை நடக்கிறது, இங்கே இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதை ஜெபக்குறிப்பாகக் கொடுத்தேன். “அந்த வைரஸ் ஊசி சீக்கிரம் நம்ம ஊருக்கு வரணும்னு ஜெபிச்சுக்கோங்க.” எல்லோரும் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒருத்தரும் காபியைத் தொடவில்லை.

சனிக்கிழமை சபை கமிட்டிக்காரர் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றார்.

“உங்கண்ணனுக்கு வைரஸ் ஊசி போட்டிருக்காமே. நாளைக்குத் திருவிருந்து. எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வச்சு திராட்சரசம் குடிக்கிறது. அவரு வராம இருந்தா நல்லது.”

“அந்த ஊசியே நம்ம ஊர்ல இல்லீங்க. புற்றுநோயும் ஒட்டிக்காது.”

“இன்னா இருந்தாலும் ஜனங்க பயப்படுதும்மா.”

ஊறப்போட்ட தோலின் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினார். இவர்களோடா இத்தனை வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடினேன்?

அண்ணன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சபையோடு முழங்கால் போட்டு ஒரு வாய் குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. “வர்றேன். எல்லாரும் குடிச்சப்புறம் குடிக்கிறேன்,” என்றார்.

“அண்ணனுக்கு அடுத்து நான் குடிப்பேன்,” என்றேன், கமிட்டிக்காரர் முகத்தைப் பார்த்து.

மறுநாள் கடைசியாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் முழங்கால் போட்டோம். அண்ணன் ஒரு வாய் குடித்தார். புண்ணிலிருந்து கசிந்த சீழ் பாத்திரத்தின் விளிம்பில் மஞ்சளாக ஒட்டியது. போதகர் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். ஊசி போடவில்லை, நோய் ஒட்டாது, எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணன் பக்கத்திலிருந்து பார்க்க, உதட்டை இறுக மூடிக்கொண்டு பாத்திரத்தைச் சாய்த்தேன், ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. ஆமென் என்றும் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் தெருமுனையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

“கமிட்டிக்காரராவது வாசல்ல நின்னு சொல்லிட்டாரு,” என்றார்.