ஆத்துக்கண்ணுக்கு ஒரு கோழி: சிடாம் கிரியிலிருந்து சுங்கை பட்டாணி வரை

சுங்கை பட்டாணிப் பக்கம் எங்கே போகலாம் என்று இந்த வலைப்பூவில் அடிக்கடி கேட்கிறீர்கள். சிடாம் கிரி ஆற்றங்கரைக்குப் போங்கள் என்பேன். அந்த வழியில் நான் முதல் தடவை போனது ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக்கிழங்கே சோறாகிவிட்ட இரண்டாம் வருஷம். எனக்குப் பத்து வயது. உல்லாசப் பயணமா என்று கேட்பவர் வாயில் அந்தக் கிழங்கைத்தான் திணிப்பேன். தங்கச்சி பாக்கியத்தின் கண்ணைக் காப்பாற்றப் போனோம்.

பாக்கியத்துக்கு நாலு வயது. பகலில் தரையில் ஓடும் எறும்பைக்கூட விடமாட்டாள். பொழுது சாய்ந்தால் போதும், சுவரில் போய் முட்டுவாள். எங்கள் தோட்டத்தில் ஆற்றோர லயத்து, அதாவது கூலிக்காரர் வரிசை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இதே கதை. மேட்டு லயத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. ஏன் எங்களுக்கு மட்டும்? பெரியவர்கள் யோசித்து, பழியை ஆற்றின் தலையில் போட்டு, "ஆத்துக்கண்ணு" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நாங்கள் ஆற்றில் இறங்கக்கூடாது. ஆற்று மீனும் கரையில் முளைக்கும் கங்கோங் கீரையும் வீட்டுப்படி ஏறக்கூடாது.

பக்கத்து வீட்டு மாரியக்கா மகளுக்கு முதலில் வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டினது போல ஒரு திட்டு வந்தது. பிறகு கறுவிழி பாலாக வெளுத்து, பகலும் இருட்டாகிவிட்டது. அதே திட்டு பாக்கியத்தின் கண்ணிலும் வந்தது. அப்பாவைச் சயாம் ரயில் போடப் பிடித்துப் போயிருந்தார்கள். அம்மாவே எங்கள் இருவரையும் கிளப்பினாள், டவுன் ஆஸ்பத்திரிக்கு.

சுமார் ஒன்பது மைல். முதல் இரண்டு மைல் ஆற்றோரப் பாதை. அம்மா பாக்கியத்தின் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். "அவுக்காதடி, ஆறு பாத்துரும்." இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! கண் வைத்தியத்துக்குப் போகிற பிள்ளையைக் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனது நாங்களாகத்தான் இருப்போம்.

முழங்கால் தண்ணீரில் நின்று கங்கோங் அறுத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா, பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், "மாலாம், மாத்தா தாடா" என்றாள். ராத்திரியில் கண் இல்லையாம். "ஓ, ரபுன் ஆயாம்!" என்று அவர் தலையாட்டிவிட்டு ஒரு கட்டுக் கீரையை நீட்டினார். ஆற்றுக் கீரையா? ஐயோ! அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மேட்டுச் சாலையில் முத்தண்ணனின் மாட்டுவண்டி கிடைத்தது. அம்மா வாழைமர நோட்டு ஒன்றை நீட்டினாள். ஜப்பான்காரன் அச்சடித்த காசு அது. "இதை வச்சு அடுப்பு பத்தவைக்கவா? நீயே வச்சுக்க லா, ஏறு" என்றார்.

"அண்ணே, ஆயாம்னா கோழிதானே?"

"கோழிதான். ஏன், விருந்தா?"

"ஒரு மலாய்க்கார அம்மா புள்ள கண்ணுக்கு ஆயாம்னு சொன்னாங்க. கோழி குடுக்கணும் போல."

"கோழிக்கு எங்க தங்கச்சி போவ? காக்காகூட இப்ப கண்ணுல படமாட்டேங்குது!"

மதியத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். மருந்து கொடுக்கும் டிரெசர் பாக்கியத்தின் இமையை விரித்துப் பார்த்தார். "மீன் எண்ணெய் குடுத்தா கேக்கும்மா. அந்த எண்ணெய் இங்க வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் என்ன பண்ணட்டும்?" அவர் முகமும் வாடித்தான் இருந்தது. எனக்கு மாரியக்கா மகளின் கண்தான் நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழுதேன்.

அம்மா எங்களை வாசலில் உட்கார்த்திவிட்டுப் போனவள், இருட்டுகிற நேரத்தில்தான் வந்தாள். முந்தானையால் முக்காடு, கக்கத்தில் ஒரு கோழி. எப்படிம்மா என்றேன். "வாயை மூடிட்டு வா" என்றாள். முத்தண்ணன் வண்டியிலேயே திரும்பினோம். அன்றிரவே கோழி அடுப்பேறியது. ஈரல் கடைக்குட்டிக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாரியக்கா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் சாறு போனது.

வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது, "ரபுன் ஆயாம்" என்பது மாலைக்கண்ணுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாதல்லவா, அதனால். அந்த அம்மா நீட்டிய மருந்து கீரை. எங்கம்மா வாங்கிக்கொண்டது வியாதியின் பெயரை! நல்ல வேளை, கீரையில் இருந்த சத்து கோழி ஈரலிலும் இருந்தது. மேட்டு லயத்தில் வீட்டுக்கு வீடு முருங்கை நின்றது, அந்தக் கீரையிலும் அதே சத்துதான். வெள்ளம் வரும் எங்கள் பக்கம் எதுவும் நிற்காது. ஆறு பாவம், ஒன்றும் செய்யவில்லை. மாரியக்கா மகளைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. காலடியில் கீரையை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை குருடானது.

போகிறவர்களுக்கான விவரங்களை இங்கேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் எனக்கு மனசு வராது. சுங்கை பட்டாணியிலிருந்து காரில் அரை மணி நேரம் போல ஆகும். போவதற்கு வாடகைக் கார் எளிதில் கிடைக்கும், திரும்பக் கிடைப்பது சிரமம், பேசிவைத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து அவசியம். சாப்பாட்டுக் கடையில் கங்கோங் இருந்தால் பிள்ளைகளுக்கு முதலில் வையுங்கள்.

கோழி தின்ற மூன்றாம் நாள். அம்மா விடியுமுன்னே கிழங்குக் காட்டு வேலைக்குப் போய் அந்தியில்தான் வருவாள், அதனால் பாக்கியம் அவள் முகத்தைப் பகலில் பார்க்கவே இல்லை. அன்றும் இருட்டுகிற நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் விளக்கேற்ற எண்ணெய் இல்லை. பாக்கியம் மடியில் ஏறி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, உன் மூக்குத்தி எங்க?"

அம்மா அவளை அப்படியே இறுக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை கேளுடி கண்ணு" என்றாள்.