கவுஸ் பாஷா மாட்டிய பிளாஸ்டிக் தாள்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போட்டோவுக்குச் சட்டம் போடும் கவுஸ் பாஷாவைப் போல ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. எதிரில் பஞ்சர் ஒட்டும் எனக்குக் காதே புளித்துப்போகும். அப்பேர்ப்பட்ட மனுஷன் எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் வாயை மூடிக்கொண்டார்.

காரணம், பென்னாகரத்துக் கண்ணம்மாள். இறந்துபோன புருஷனுக்கு இருந்த ஒரே போட்டோவை முந்தின வருஷம் சட்டம் போடக் கொண்டுவந்தவள். "கண்ணாடின்னா பஸ்ல ஒடஞ்சிடும்மா. இது வெயிலே படாத தாளு, உன் காலம் வரைக்கும் இருக்கும்" என்று மொடமொடப்பான பிளாஸ்டிக் தாளை மாட்டிக் கொடுத்தார். இரும்புப் பெட்டியில் வருஷக்கணக்காகச் சுருட்டிக் கிடந்த தாள் அது. இப்போது அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்திருந்தாள். தாளில் குறுக்கே விரிசல். கூரை ஒழுகி, தண்ணீர் உள்ளே இறங்கி, முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு.

"தெனமும் தொடைப்பேங்க பாய். நாந்தான் அழுத்தித் தொடச்சிட்டனோ என்னமோ" என்று அழுதாள்.

"சரி, வுடும்மா" என்றார் பாஷா. அவ்வளவுதான். அந்தத் தாளை வெட்டும்போதே ஓரம் படக்கென்று தெறித்ததை நான் பார்த்திருக்கிறேன். அடப்பாவி மனுஷா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓசூர் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் தங்கை மகன் காஜா அடுத்த பக்ரீத்துக்கு வந்தான். மிச்சத் தாளை நீட்டி, "வெயிலே படாம இது எப்படிடா கெட்டுச்சு?" என்றார்.

"வெயில் எதுக்கு மாமு? பிளாஸ்டிக்குன்னாலே உள்ள கண்ணுக்குத் தெரியாம நூல் நூலாத்தான் இருக்கும். பாலித்தீன் நூல் வழவழன்னு நெளிஞ்சு கொடுக்கும். இதோட நூல்ல பக்கவாட்டுல முண்டு முண்டா ஒட்டியிருக்கு, நெளியாது. சூடா இழுத்து சட்டுனு ஆறவெச்சா, நூலுங்க நடுவுல எடம் வுட்டுக் கலைஞ்சு நின்னுடும். அப்புறம் சும்மா கெடக்கறப்பவே கொஞ்சங் கொஞ்சமா நெருங்கிப் படுத்துக்கும். வளையறதுக்கு எடமேது? பெட்டிக்குள்ளயே கெழடாயிடுச்சு."

"அப்போ தொடச்சதால இல்லியா?"

"தொடைக்காட்டியும் போயிருக்கும்."

பாஷா சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பென்னாகரம் பஸ் ஏறினார்.

கண்ணம்மாள் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே சொன்னார்: "உன் கை மேல தப்பில்லம்மா. தாளு பழசு. வெட்டறப்பவே தெறிச்சுது. தெரிஞ்சேதான் மாட்டினேன். நீ அழுதுகிட்டு வந்தப்பவும் சொல்லல."

முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் பாய், அன்னிக்கே சொல்லக் கூடாதா? அவரு மொகத்த என் கையாலயே அழிச்சிட்டேன்னு, இத்தன நாளா படம் தொங்கற செவுத்துப் பக்கம் திரும்பவே இல்லீங்களே நானு!"

வீட்டுக்குள் எழுந்து போனாள். தூசி படிந்த அந்தச் சட்டத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். வாசலில் நின்ற பாஷா தலையைத் தூக்கவே இல்லை.